கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

ஞானப்பூ இஸ்திரிப்பெட்டியைச் சட்டென்று தூக்கிவிட்டாள். இன்னும் அரை மங்கள வார்த்தை செபம் சொல்கிற நேரம் அப்படியே வைத்திருந்தால் கழுத்துப்பட்டை கருகியிருக்கும், குறியும் கருகியிருக்கும், நீ கண்டது ஒன்றுமில்லையடி, வெறும் பழுப்பு என்று அவள் மனசே அவளுக்குச் சொல்லிவிட்டு அடுத்த சட்டைக்குப் போயிருக்கும். தூக்கினாள். மாதாதான் தூக்கவைத்தாள். பெட்டியைச் செங்கல் மேல் உட்காரவைத்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கழுத்துப்பட்டையின் உள்பக்கத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒரு படுக்கைக் கோடு. கோட்டுக்கு மேலே இரண்டு புள்ளி. கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி. அவ்வளவுதான். பினாங்கில், சூலியாத் தெருவிலிருந்து பிரிகிற இந்தச் சந்தில், அவளும் அவள் புருஷன் தனிஸ்லாசும் பதிமூன்று வருஷமாக நடத்துகிற சலவைக்கடையில், எத்தனையோ ஆயிரம் கழுத்துப்பட்டை இந்த மேசைமேல் படுத்து எழுந்து போயிருக்கிறது. இந்தக் குறி வந்ததில்லை. வரவும் முடியாது. இதைப் போடுகிற கை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அந்தக் கை மண்ணுக்குள்ளே போய் எட்டு வருஷம் ஆகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் சொன்னார்கள், அவள் சொல்லவில்லை. ஒரு நாளும் சொன்னதில்லை, மாதாவே, உனக்குத் தெரியும், ஆத்துமாக்கள் திருநாளில் அவர் மூன்று மெழுகுதிரி கொளுத்துவார், அக்காவுக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று, அப்புறம் சின்னதாக ஒன்று, அந்தச் சின்னத் திரிக்கு நித்திய இளைப்பாற்றி சொல்லும்போது மட்டும் என் உதடு அசையும், சத்தம் வராது. பாவம் என்றால் பாவமாகவே இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொன்னதில்லை. இப்போது பார்.

இரு, இரு, அவசரப்படாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வண்ணாத்தி அவசரப்பட்டால் வெள்ளையும் சாயமும் ஒன்றாகிப் போகும். சட்டை யாருடையது? கப்பல் கிராணியுடையது. நாகப்பட்டினத்துக் கப்பலில் சரக்குக் கணக்கு எழுதுகிற பையன், அபுசாலி, நாகூர்க்காரன், முந்தாநாள் ஐந்து சட்டை கொண்டுவந்து போட்டான், கப்பல் இன்று சாயங்காலம் திரும்புகிறது, மூன்று மணிக்கு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நாலு சட்டை மடித்தாகிவிட்டது. இது ஐந்தாவது. தனிஸ்லாசு கப்பல்காரர்களின் படுக்கைவிரிப்பு மூட்டையைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு துறைக்குப் போயிருக்கிறார், அவரும் மூன்று மணிக்குள் வந்துவிடுவார். இப்போது என்ன மணி? கடையில் கடிகாரம் கிடையாது. ஞானப்பூவுக்கு நேரம் என்றால் செபம்தான். கஞ்சி பதத்துக்கு வர ஒரு விசுவாசப் பிரமாணம். பெட்டியில் கரி கனிய பத்து மங்கள வார்த்தை. ஒரு சட்டைக்கு ஒரு பரலோக மந்திரம், கைக்கு ஒன்றாக இரண்டு மங்கள வார்த்தை, முதுகுக்கு ஒன்று. கோயில் பன்னிரண்டு மணி அடித்ததற்கு அப்புறம் அவள் சொன்னதை எண்ணிப்பார்த்தால் இரண்டேகால் இருக்கும். ஆனால் இந்தச் சட்டைக்குச் சொல்லத் தொடங்கிய மங்கள வார்த்தை நடுவிலே நின்றுபோய்விட்டதே, அது எந்தக் கணக்கில் சேரும்? நெஞ்சு அடிக்கிற அடியில் எண்ணிக்கை எல்லாம் சிதறிப் போயிற்று. சிரிப்பு வேறு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்க்கடைச் சீனத்தி ஆ லான், வாயில் தண்ணீரை வைத்து உஃப் என்று துணிமேல் ஊதுகிறவள், ஊதாமல் கன்னம் உப்பலாகவே நின்று இந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு தண்ணீரை விழுங்கிவிட்டு, சந்தை மலாயில், என்ன, லாட்டரி விழுந்துவிட்டதா என்று கேட்டாள். ஞானப்பூ தலையை இல்லை என்றும் ஆமாம் என்றும் ஆட்டினாள்.

குறி என்றால் எழுத்து இல்லை. எழுத்து வேறு கூட்டத்துச் சமாசாரம். சேங்கொட்டையைத் தணலில் காட்டி, ஊசியால் குத்தி, கசிகிற கறுப்புப் பாலைத் துணியின் ஓரத்தில் வைத்து, மேலே ஒரு சொட்டுச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் தீர்ந்தது, துணி கிழிந்து திரியாகிற வரைக்கும் அது போகாது, வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. வீட்டுக்கு வீடு ஒரு குறி. அதோடு வெளுக்கிறவர்களுக்கும் தங்களுக்கென்று ஒரு குறி உண்டு. அவர்களுடையது ஒரு கோடு, மேலே இரண்டு புள்ளி. மாமனார் காலத்துக் குறி. ஆனால் ஊரில் இருந்தபோது அவள் மகள் சலேத்து அப்படி ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து வயசு, முன்பல் இரண்டும் இல்லாத வாய், பீச்சாங்கையாலேயே எல்லாம் செய்கிற பிள்ளை, சோறுமட்டும் அடிக்குப் பயந்து வலது கையால் தின்னும். பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டது, இந்தக் கோடு என்னம்மா என்று. துவைக்கிற கல்லு என்றாள். இந்தப் புள்ளி? அப்பா. இந்தப் புள்ளி? நான். அப்ப நான் எங்கே? வேலை மும்முரத்தில் ஞானப்பூ விளையாட்டாக ஒன்றைச் சொன்னாள், நீ கல்லுக்கு அடியிலே ஒளிஞ்சிருக்கே என்று. அவ்வளவுதான், மறுநாள் இவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், குவிந்து கிடந்த துணி அத்தனையிலும் கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி ஏறிவிட்டது. கோட்டுக்குக் கீழே புள்ளி வைத்தால் அது அரிசி ஆலைக்காரர் வீட்டுக் குறி. சாமியாருடைய வெள்ளை அங்கி ஆலைக்காரர் வீட்டுக்குப் போயிற்று. ஆலைக்காரரின் சரிகை வேட்டி சாமியார் வீட்டுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு அங்கி இல்லாமல் சாமியார் முழித்துக்கொண்டு நின்றார், கோயில்பிள்ளை சரிகை வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வண்ணாரத் தெருவுக்கு ஓடிவந்தான், தெருவே சிரித்தது. அன்றைக்கு அந்தப் பீச்சாங்கையில் இரண்டு அடி வைத்தாள். ஐயோ, அந்தக் கையில். அடிபட்ட இடத்தை ஊதிக்கொண்டே அது கேட்டது, அப்ப நான் எங்கதாம்மா இருக்கிறது?

எங்கே இருக்கிறது. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் கப்பலேறுகிற நாளில் சலேத்துக்குக் காய்ச்சல். காய்ச்சல் பிள்ளையைக் கப்பல் டாக்டர் ஏற்றமாட்டான், பிள்ளைக்காக நின்றால் மூன்று பேர் சீட்டும் போய்விடும், ஒரே வருஷம், அடுத்த மாசிக்குள் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அக்காவின் மடியில் படுக்கவைத்துவிட்டு வந்தாள். பிள்ளை தூங்கும்போதுதான் வந்தாள். முழித்திருக்கும்போது வந்திருக்கக்கூடாதா? முழித்திருந்தால் வந்திருக்கமாட்டாய் ஞானப்பூ, அது உனக்கே தெரியும். அப்புறம் உலகச் சண்டை வந்தது, கப்பல் நின்றது, சண்டை நின்ற கையோடு விஷக்காய்ச்சல் வந்தது. அதற்கும் அப்புறம்தான் கடிதம். கோயில் உபதேசியார் படித்தார். உன் அக்காளும், அவள் புருஷனும், வீட்டிலிருந்தவர்கள் எல்லாரும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். எல்லாரும் என்றால்? நாலு தடவை படிக்கச் சொன்னாள். நாலு தடவையும் அவர் எல்லாரும் என்றே படித்தார். பேர் போட்டிருக்கா ஐயா? பேர் போடவில்லை. அப்ப எண்ணிப் பார்த்தது யாரு ஐயா? உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனிஸ்லாசு மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்று சாயங்காலமே மூன்று மெழுகுதிரி வாங்கிவந்தார். அவரைக் குற்றம் சொல்லமுடியாது, ஆம்பிளைக்கு ஒரு துக்கத்தை எங்கேயாவது இறக்கிவைத்தாக வேண்டும். திரும்பிப் போய்ப் பார்க்கலாமே என்று அவள் கேட்டபோது, எதைப் பார்க்க, கல்லறைக் கல்லையா என்றார். கல் என்ற வார்த்தை அவருக்குச் சும்மா ஒரு வார்த்தை. அவளுக்கு அன்றுமுதல் தொண்டையில் சிக்கிய முள். நீ கல்லுக்கு அடியிலே ஒளிஞ்சிருக்கே. பெற்ற வாயால் சொன்னோமே, சொன்ன வாக்கு பலித்துவிட்டதோ, தேவதைகள் ததாஸ்து சொல்லும் என்பார்களே, மோட்சத்துச் சம்மனசுகளும் சொல்லுமா? எத்தனை நாள் இந்த மேசையில் நின்றுகொண்டே அந்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் மாதாவே என்று கேட்டிருப்பாள். சொன்ன சொல்லை எந்த வெள்ளாவியில் வைத்து எடுக்கிறது.

சரி, சட்டையைப் பார், சட்டையைப் பார். துணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. கழுத்துப்பட்டை ஓரம் இன்னும் நூல் விடவில்லை, காஜா இறுக்கமாக இருக்கிறது, அக்குளில் மஞ்சள் ஏறவில்லை. மிஞ்சிப்போனால் இருபது தண்ணீர் கண்டிருக்கும். தைத்து ஆறு மாசத்துச் சட்டை. அப்படியென்றால் குறி வைத்தும் ஆறு மாசத்துக்குள்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் செத்த கை ஆறு மாசத்துச் சட்டையில் எப்படிக் குறி வைக்கும்? இந்த இடத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள், நீலம் கரைத்த பானையை மூடினாள், மூடினதைத் திறந்தாள். ஆனால் வேறு யாராவது வைத்திருந்தால்? சலேத்தோடு கூட விளையாடின பிள்ளை ஏதாவது பார்த்துப் பழகியிருந்தால்? தெருவே சிரித்த கதையாயிற்றே, எவளுக்கும் தெரியுமே. அப்படி எவளோ ஒருத்தி என்றால் நான் இந்தக் கால்நாழிகையில் ஒரு பிள்ளையைப் பெற்று அடக்கமும் பண்ணினவளாவேன். மறுபடி சட்டையை எடுத்தாள், கண்ணுக்கு நேரே கொண்டுவந்தாள். ஊசியை எடுக்கும்போது புள்ளிக்கு ஒரு வால் விழும். எத்தனை சாமர்த்தியக்காரி வைத்தாலும் எறும்புக் கால் அளவுக்கு ஒரு வால். வலது கைக்காரிக்கு வால் வலது பக்கம். இந்த மூன்று புள்ளிக்கும் வால் இடதுபக்கம் சாய்ந்திருந்தது. மூன்றுக்கும். பார்த்துப் பழகலாம், வாலையுமா பழகுவாள்? பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே என்று வாய் தானாக ஓடிற்று, எங்கே நின்றதோ அங்கிருந்து ஓடிற்று. பத்தொன்பது வயசு. இப்போது அதற்குப் பத்தொன்பது வயசு. பல் முளைத்திருக்கும் என்று நினைத்தாள், நினைத்த உடனே அவளுக்கே வெட்கமாக இருந்தது, பத்தொன்பது வயசுப் பெண்ணுக்குப் பல் முளைக்காமலா இருக்கும்.

ஆனால் இன்னொன்று உறுத்தியது. ஐந்து வயசில் விவரம் தெரியாமல் வைத்தது சரி. வளர்ந்து, தொழில் தெரிந்து, ஊர்த் துணியை வெளுக்கிறவள் வேண்டாத புள்ளியை எதற்கு வைப்பாள்? எந்த வண்ணாத்தியும் இந்தத் தப்பைப் பண்ணமாட்டாள், தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிற தப்பு. தெரிந்தே வைத்தாளா? தெரிந்தே என்றால் எதற்கு? அதையும் அந்தப் பையனைக் கேட்கலாம். கேட்கலாமா? துணிக்காரரிடம் வண்ணாத்தி எதையும் கேட்கக்கூடாது என்பது அவள் மாமியார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். துணியில் ரத்தம் இருக்கும், குங்குமம் இருக்கும், இருக்கக்கூடாதவர் தலை எண்ணெய் இருக்கும், வெளுத்துக் கொடு, வாயைத் திறக்காதே. இருபத்தைந்து வருஷத்தில் அவள் ஒருத்தரையும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டு, அவன் தெரியாதே என்று சொல்லிவிட்டால்? அந்தப் பெண் போன மாசம் காலராவில் என்று ஆரம்பித்தால்? கேட்காமல் இருந்துவிட்டால் இந்தச் சந்தோஷமாவது மிஞ்சும். இந்தச் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு, சாகிறவரைக்கும் இந்த ஒரு மத்தியானத்தை வைத்துக்கொண்டு இருந்துவிடலாம். சீ, என்ன நினைப்பு இது. பிள்ளையா பெரிசு, உன் சந்தோஷமா பெரிசு? சட்டையை விரித்தாள். தண்ணீர் தெளித்தாள். இப்போது பெட்டி சரியான சூடு. முதுகைத் தேய்த்தாள், கைகளைத் தேய்த்தாள், பொத்தான் பட்டியைச் சுற்றி மூக்கை நுழைத்து நுழைத்துத் தேய்த்தாள், பிறந்தநாள் சட்டைபோலத் தேய்த்தாள். கழுத்துப்பட்டைக்கு வந்ததும் குறி இருந்த இடத்தை மட்டும் விட்டு, சுற்றிப்போனாள், தூங்குகிற பிள்ளையைத் தாண்டாமல் சுற்றிப்போகிற மாதிரி.

கோயில் மணி மூன்று அடிப்பதற்குள்ளேயே அபுசாலி வந்துவிட்டான், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே. மேசைமேல் நாலு சட்டை அடுக்கியும் ஒன்று விரித்தும் கிடந்ததைப் பார்த்துவிட்டு, இந்தச் சட்டை மட்டும் என்ன பாவம் செய்தது, இதை மட்டும் ஏம்மா படுக்கவச்சிருக்கே என்று சிரித்தான். ஞானப்பூ சட்டையைப் புரட்டினாள். விரலைக் குறியின்மேல் வைத்தாள். அவள் தொண்டையிலிருந்து வந்த குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

“தம்பி, ஊர்ல இத யாரு வெளுத்தா?”

“ஏம்மா, கறை கிறை போகலியா?” என்றான் அவன். பிறகு விரல் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, ஓ, அந்தக் கூத்தா என்றான். ஊரில் துறைமுகத்துக்குப் பக்கத்திலே ஒரு பொண்ணு, பீச்சாங்கையாலே துவைப்பாள், வாய் ஓயாது, அநாதைமடத்திலே வளர்ந்ததாகச் சொல்வார்கள், போன வருஷம்தான் தனியாகத் தொழிலுக்கு வந்தாள். கப்பலில் போகிறவன் சட்டை என்றால் போதும், கேட்காமலே இந்தக் குறியைப் போட்டுவிடுவாள். இந்த ஐந்தில் இது ஒன்றுதான் அவள் வெளுத்தது, மற்ற நாலும் இங்கே வாங்கின புதுசு. எனக்கு மட்டுமில்லை, எங்கள் கப்பலில் மாலுமி, சமையற்காரன், ரங்கூன் போகிறவன், சிங்கப்பூர் போகிறவன் எல்லார் கழுத்திலும் இதுதான். “நான் சண்டைகூடப் போட்டேம்மா. என் சட்டையில என் குறிதான் இருக்கே, ஒன் குறி எதுக்குன்னு. அதுக்கு அவ என்ன சொன்னாங்கிறே? அக்கரையில எங்கம்மா வண்ணாத்தி, எந்த ஊருன்னு தெரியாது, என்னிக்காச்சும் ஒருநாள் அவ கைக்கு ஒரு சட்டை போகாமலா இருக்கும்னா. என்னைக் கல்லுக்கு அடியில விட்டுட்டுப் போனவ, நான் வெளியில வந்துட்டேன்னு அவளுக்குத் தெரியணும்லன்னா. கடல்ல கடுகைப் போட்டுத் தேடுற கதைன்னு நான் சிரிச்சேன்.”

ஞானப்பூ மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பேசிக்கொண்டே போனான், அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. எல்லாரும் என்று எழுதினவனே, எண்ணத் தெரியாத பாவி, நீ நல்லாயிரு. அநாதைமடத்து மகராசிகளே, நீங்கள் நல்லாயிருங்கள். நான் அடித்தது அந்தக் கையைத்தானே. அந்த அடியையும் தாண்டி அந்தக் கை தன் புள்ளியை விடவில்லை. கல்லுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டேன் என்கிறாள். நான் சொன்ன வாக்கை நான் திருப்பி எடுக்கமுடியவில்லை, அவள் எடுத்துவிட்டாள். அபுசாலி பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு சட்டையைப் பார்த்தான், தொப்பியால் விசிறிக்கொண்டிருந்த கை நின்றுபோயிற்று. யா அல்லா என்று மெதுவாகச் சொன்னான்.

வெளியே கைவண்டி நின்றிருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. தனிஸ்லாசு வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றார். அவர் எவ்வளவு கேட்டார்? அவர் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். உள்ளே வந்தார். சட்டையை வாங்கவில்லை, குனிந்து பார்த்தார், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டால் அழிந்துவிடும் என்பதுபோல. எட்டு வருஷத்துச் சின்ன மெழுகுதிரிகள் எல்லாம் அவர் கண்ணில் எரிகிறதாக ஞானப்பூவுக்குத் தோன்றியது. ஏதாவது சொல்லுங்களேன் என்று நினைத்தாள். ஒன்றும் சொல்லாதீர்கள் என்றும் நினைத்தாள். அவர் நிமிரவில்லை, குனிந்தபடியே கேட்டார்.

“அந்தக் கொட்டை இன்னும் வச்சிருக்கியா?”

யாரோ துரைக்குக் கழுத்தில் கொப்புளம் கண்டதிலிருந்து இந்தக் கடையில் சேங்கொட்டை கூடாது, சிவப்பு நூல் தையல்தான் என்று சட்டம் போட்டவர் அவர். எல்லாவற்றையும் தூக்கிக் கடலில் போடு என்றவர். ஞானப்பூ இரண்டை மட்டும் செபமாலைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தது அவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷமாகத் தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறார். உள்ளே ஓடினாள். ஓடி எத்தனை நாளாயிற்று, கொலுசு போட்ட பிள்ளைமாதிரி ஓடினாள். ஒரு கொட்டையை இடுக்கியில் பிடித்து இஸ்திரிப்பெட்டித் தணலில் காட்டினாள். பத்து மங்கள வார்த்தை ஆகும் என்று நினைத்தாள், மூன்றிலேயே கசிந்துவிட்டது. தம்பி, ஒன் சட்டையில ஒரு குறி வச்சுக்கட்டுமா என்று கேட்டாள். கழுத்து அரிக்கும் என்றும் சொன்னாள். அரிக்கட்டும்மா என்றான் அபுசாலி, நான் போனவுடனே வேற சட்டையெல்லாம் அப்புறம், இத மொதல்ல அவகிட்ட வெளுக்கப் போடுறேன்.

சலேத்து வைத்த குறிக்குப் பக்கத்தில், நூலிழை தள்ளி, ஞானப்பூ ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி வைத்தாள். வால் வலது பக்கம் விழுந்தது. அடுத்த புள்ளிக்கு ஊசியைத் தொட்டபோது தனிஸ்லாசு கையை நீட்டினார். அப்பா நானாச்சே, அத நான் வைக்கிறேன் என்றார். தடித்த கை, துவைத்துத் துவைத்து மரத்துப்போன கை, ஊசி அதில் நிற்கவே இல்லை, புள்ளி கொஞ்சம் பெரிதாக, மழைத்துளிபோல விழுந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் விட்டார்கள். கறுப்பு ஏறி உறைந்தது. அபுசாலி எட்டிப் பார்த்தான், இரண்டு குறியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்னம்மா, அவ போட்டதுல மூணு இருக்கு. இதுல ரெண்டுதான் இருக்கு?”

ஞானப்பூ சட்டையை மடித்தாள். கழுத்துப்பட்டை மேலே வரும்படி மடித்தாள்.

“கீழ எடம் விட்டிருக்கு தம்பி,” என்றாள். “அவளை வந்து இங்க வைக்கச் சொல்லு.”